பொடியில் என்ன இருக்கிறது? நச்சுக் கழிவைப் பிறக்கும் முன்பே குறைப்பது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை இல்லாத சந்து ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். என் பெரியப்பாவின் பட்டறையும் அப்படி ஒரு சந்தில்தான் இருந்தது. ஒரு வாசல், ஒரு சன்னல், தரையில் நான்கு பேர். கம்பியை வளைத்து, கண்ணி கோத்து, வெங்காரத்தை (போராக்ஸ்) குழைத்துத் தடவி, மேலே பற்றவைக்கும் பொடியைத் தூவி ஊதுவார்கள். சுடர் பட்டதும் வெங்காரம் பொங்கி அடங்கும். அடுத்த நொடி பொடி உருகி, பாதரசம் போல் மின்னி, இணைப்புக்குள் ஓடி மறையும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. கூடவே லேசான பழுப்புப் புகை ஒன்றும் எழும். "கண்ணு, அந்தப் பக்கம் தள்ளி உக்காரு" என்பார் பெரியப்பா. என்னைத் தள்ளி உட்காரச் சொன்னவர், தான் மட்டும் அந்தப் புகைக்கு நேர் எதிரே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார்.

'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடி இதுதான். தட்டாருடைய பொடி. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. வெள்ளி, செம்பு, துத்தநாகம் இருக்கும். பல பொடிகளில் நான்காவதாகக் காட்மியம் என்ற உலோகமும் இருக்கும். ஒரு காலத்தில் நகைக்கடைப் பலகைகளில் பெருமையாக எழுதி வைத்திருந்தார்களே 'கேடிஎம்' என்று, அதுவும் இதே காட்மியம்தான்.

காட்மியம் ஏன் வந்தது? பொடி, வெள்ளி உருகும் முன் உருக வேண்டும். சுத்த வெள்ளி 961 டிகிரியில் உருகும். காட்மியம் சேர்த்தால் பொடியின் உருகுநிலை சட்டென்று இறங்கும், ஓட்டமும் நன்றாக இருக்கும். உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருந்த ஒரு கலவையைச் சொல்கிறேன்: நூற்றுக்கு 45 பங்கு வெள்ளி, 15 செம்பு, 16 துத்தநாகம், 24 காட்மியம். இது 607 டிகிரியில் இளகத் தொடங்கி 618-இல் முழுக்க உருகிவிடும். வேலைக்காரன் கைக்கு இதைவிடத் தோதானது கிடையாது.

ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழல் சுடர் அதைவிட எவ்வளவோ சூடானது. கை கொஞ்சம் தாமதித்தால் போதும், பொடியிலிருக்கும் காட்மியம் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்து நான் சொன்ன அந்தப் பழுப்புப் புகையாகிறது. அது நுரையீரல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். அங்கே சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் பிடிக்கும். புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் வகைப்படுத்தப்பட்ட பொருள் இது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் நெல் வயலில் சேர்ந்து, அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களின் எலும்புகள் தாமாக ஒடிந்தன. நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'இத்தாய் இத்தாய்'. 'வலிக்குதே, வலிக்குதே' என்று பொருள். மாசினால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு 1968-இல் அதை ஒப்புக்கொண்டது.

சரி, பட்டறைக்கு வருவோம். இந்தப் புகையை என்ன செய்யலாம்?

முதலில் தோன்றுவது, சன்னலில் ஒரு காற்றாடி வைக்கலாம் என்பது. புகை பட்டறையை விட்டுச் சந்துக்குப் போகும். சந்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அடுத்து, புகையை வடிகட்டலாம். நல்லதுதான். ஆனால் வடிகட்டித் துணியில் சேரும் காட்மியத்தை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் அது மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து கிணற்றுக்குப் போகும். விஷம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, தீரவில்லை.

இரண்டாவது வழி, காட்மியமே இல்லாத பொடியை வாங்குவது. 56 பங்கு வெள்ளி, 22 செம்பு, 17 துத்தநாகம், 5 வெள்ளீயம். இது 618-இல் இளகி 652-இல் உருகும். வித்தியாசம் முப்பத்து நான்கு டிகிரிதான். முதல் சில நாள் கை பழகாது. சுடரை எங்கே நிறுத்துவது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் உடம்புக்குள் ஊறிய கணக்கு, அதைத் திருப்பிப் போட வேண்டும். சில இணைப்புகள் சரியாக ஓடாது, திரும்ப ஊத வேண்டியிருக்கும். பொடியில் வெள்ளி கூடுவதால் விலையும் கூடும். ஆனால் அந்த வெள்ளி எங்கேயும் ஓடிவிடாது, கொலுசில்தான் இருக்கிறது. எடையில் நிற்கிறது, டச்சிலும், அதாவது வெள்ளியின் சுத்த அளவிலும், நிற்கிறது. ஆவியாகிப் போன காட்மியத்துக்குக் கொடுத்த காசுதான் திரும்ப வராத காசு. ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பரிலிருந்து நகைகளிலும் பற்றவைக்கும் உலோகக் கலவைகளிலும் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. மாற்றுப்பொடி வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை, உலகத்தின் பெரிய சந்தை ஒன்று அதில்தான் நடக்கிறது.

இந்த இரண்டாவது வழிக்குத்தான் நச்சுப் பயன்பாட்டுக் குறைப்பு என்று பெயர். தூய்மையான உற்பத்தி என்றும் சொல்வார்கள். கழிவு வந்த பிறகு அதைச் சுத்தம் செய்ய ஓடுவதற்கு முன்னால், அந்த நச்சுப் பொருள் உற்பத்திக்குள் வராதபடியோ, குறைவாக வரும்படியோ பொருளையும் செய்முறையையும் திருத்தி அமைப்பது. கருத்து இவ்வளவுதான்.

சுத்திகரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நாம் பக்கத்து ஊரிலேயே பார்த்துவிட்டோம். திருப்பூரில் சாயத் தண்ணீர் நொய்யலில் போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, விவசாயிகளே 'தண்ணீரைத் திறக்காதீர்கள்' என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது. தண்ணீர் மீண்டும் கிடைத்தது, உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. ஆற்றில் போன பிரச்சினை கிடங்கில் வந்து உட்கார்ந்தது.

நமக்கும் ஓர் ஆறு இருக்கிறது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் தெளிந்த நீராகப் பிறந்து, சேலம் நகருக்குள் சாக்கடையும் சாயமும் சேர்ந்து, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. அதன் கரையில் வளர்ந்த எவருக்கும் அந்தத் தண்ணீரின் நிறம் நாளுக்கு நாள் மாறியது ஞாபகம் இருக்கும்.

அதனால் சாயப்பட்டறைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பருத்தி நூலுக்கு இப்போது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வேதிவினை செய்து ஒட்டிக்கொள்ளும் சாயம். நூறு கிலோ நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறைத் தொட்டியில் ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 2,000 லிட்டர். சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு உப்புப் போட வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் என்றால் 120 கிலோ உப்பு. நூல் 100 கிலோ, உப்பு 120 கிலோ! இந்தக் கணக்கை முதன்முதலில் ஒரு காகிதத்தில் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று நான் மூன்று தடவை சரிபார்த்தேன். இதில் வேதனை என்னவென்றால், அந்த உப்பில் ஒரு கிராம்கூட நூலில் தங்காது. தள்ளுகிற வேலையைச் செய்துவிட்டு அப்படியே வாய்க்காலுக்குப் போகும். சாயத்திலும் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை நூலில் ஒட்டாமல் அதோடு போகும். உப்பு விஷமா என்றால், கையில் தொட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் கிணற்றில் இறங்கினால் தென்னை காய்க்காது, நிலம் வெளுத்துவிடும். நுண்ணுயிர் வளர்த்துச் சுத்தம் செய்கிற சாதாரணத் தொட்டிக்கு உப்பை ஒன்றும் செய்யத் தெரியாது.

இப்போது செய்முறையைத் திருத்துவோம். கிலோவுக்கு 8 லிட்டரில் சாயம் ஏற்றும் இயந்திரத்துக்கு மாறினால் தண்ணீர் 800 லிட்டர், அதே லிட்டருக்கு 60 கிராம் வீதம் உப்பு 48 கிலோ. நூல் அதே நூல், நிறம் அதே நிறம், 72 கிலோ உப்பு வாங்கப்படவே இல்லை. சாயத்தையும் மாற்றினால் இன்னும் குறையும். ஒரு கைக்குப் பதில் இரண்டு கையால் நூலைப் பிடித்துக்கொள்ளும் சாய வகைகள் இருக்கின்றன, அவை குறைந்த உப்பில் அதிகமாக ஒட்டும். வெளுக்கும்போது குளோரின் சேர்ந்த பிளீச்சிங் திரவத்துக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாம். அது வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். நூலில் மிச்சமிருக்கும் பெராக்சைடைப் போக்க நாலைந்து முறை அலசுவதற்குப் பதில் கேட்டலேஸ் என்ற நொதியைக் கொஞ்சம் விட்டால் ஒரே தொட்டியில் வேலை முடியும்.

இதற்கெல்லாம் முதலீடு வேண்டுமே என்பீர்கள். இயந்திரத்துக்கு வேண்டும்தான். காசு அதிகம் செலவில்லாத ஒன்றையும் சொல்கிறேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

தண்ணீர்க் கஷ்டம் உள்ள வீட்டில் அம்மா துணி அலசுவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று வாளி வைத்துக்கொள்வார். சோப்புத் துணி முதல் வாளியில், பிறகு இரண்டாவதில், கடைசியாக மூன்றாவதில். முதல் வாளி அழுக்கானதும் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவது முதலாவதாகும், மூன்றாவது இரண்டாவதாகும், நல்ல தண்ணீர் மூன்றாவதில் மட்டும் வரும். துணி ஒரு திசையில் போகிறது, தண்ணீர் எதிர்த்திசையில் வருகிறது.

பற்ற வைத்த கொலுசு கறுத்துப்போய் இருக்கும். அதை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு எடுத்து, அலசி, பூந்திக்கொட்டை நீரில் தேய்த்து வெளுப்பு ஏற்றுவார்கள். பூந்திக்கொட்டையில் ஒரு குறையும் இல்லை. அமிலத்தில் செம்பு கரைந்து வருகிறது, அலசும் தண்ணீரில் அது இறங்குகிறது. ஒரு நாள் முழுக்கக் கொலுசோடு ஒட்டிக்கொண்டு ஒரு லிட்டர் அமிலம் அலசும் தொட்டிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் கொலுசில் இருக்கும் அமிலம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஒரே தொட்டியில் தண்ணீர் ஓடவிட்டு அலசினால் சுமார் 1,000 லிட்டர் வேண்டும். அம்மாவின் முறையில் இரண்டு தொட்டி வைத்தால் 32 லிட்டர் போதும், ஏனென்றால் 32-ஐ 32-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஆயிரம். மூன்று தொட்டி வைத்தால் 10 லிட்டர். ஒரு தொட்டி கூடும்போது ஆயிரம் லிட்டர் முப்பத்திரண்டாகிறது! முலாம் பூசும் தொழில் உலகெங்கும் இந்தக் கணக்கில்தான் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. அதோடு, அமிலத்திலிருந்து கூடையைத் தூக்கியதும் உடனே அலசப் போகாமல், தொட்டிக்கு மேலேயே பிடித்துப் பத்து எண்ணினால் ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி அங்கேயே சொட்டிவிடும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, கூடையை மாட்ட ஒரு கொக்கி போதும். எஞ்சும் பத்து லிட்டரில் செம்பு அடர்த்தியாக இருப்பதால் அதைப் பிரித்தெடுக்கவும் கட்டுப்படியாகும். ஆயிரம் லிட்டரில் கரைந்ததை யார் தேடுவது?

இதுவரை சொன்னவை செய்முறை மாற்றங்கள். பொருளையே மாற்றுவது என்றால் என்ன என்பதற்கு ஜவ்வரிசியை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜவ்வரிசி ஏன் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும்? கேட்டால் கடைக்காரர், 'வாங்குறவங்க அதைத்தான் கேக்குறாங்க' என்பார். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. அந்தக் கிழங்கு பிடுங்கின இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கும். தோலைச் சரியாக நீக்காவிட்டாலும், மாவுப்பால் தொட்டியில் பல மணி நேரம் தேங்கிப் புளித்தாலும் நிறம் மங்கும். மங்கிய நிறத்தைத் தூக்கிவிட அமிலமும் பிளீச்சிங் திரவமும் போடுகிற பழக்கம் அங்கங்கே வந்தது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் குளோரின் வாயு எழும், ஆலைக்குள் நிற்பவர் மூச்சு அடைக்கும். கழிவு நீரில் மாவுச்சத்தோடு குளோரின் சேர்ந்து உருவாகும் பொருட்கள் எளிதில் மக்காதவை.

இங்கே பிளீச்சிங்குக்கு மாற்று ரசாயனம் எது என்று கேட்பது பாதிக் கேள்வி. அந்த ரசாயனம் செய்கிற வேலை என்ன, அந்த வேலை வேண்டுமா என்பது முழுக் கேள்வி. வேலை, வெளுப்பு. பிடுங்கிய அன்றே கிழங்கை அரைத்தால், தோலை முழுக்க நீக்கினால், தொட்டியில் தேங்கவிடாமல் சுழற்சி விசையில் மாவைப் பிரிக்கும் கருவி வைத்தால், வெளுப்பின் பெரும்பகுதி தானாகவே கிடைத்துவிடும். மீதி இருக்கும் லேசான பழுப்பு மங்கலை நாம், வாங்குகிறவர்கள், ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பாயசத்தில் போட்டு வெந்தபின் அது கண்ணாடி போல ஆகிவிடுகிறது, வெள்ளையை அங்கே யார் பார்க்கிறார்கள்? வாங்குபவரின் கண்தான் ஆலையின் ரசாயனத்தை முடிவு செய்கிறது. இதைச் சொல்லாமல் ஆலைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் கிழங்கோடு பிறந்தது. அதை யாரும் வாங்கிப் போடவில்லை, கழுவும் தண்ணீரில் அது வரத்தான் செய்யும். அங்கே சுத்திகரிப்பு கட்டாயம் வேண்டும், சாண எரிவாயு போல அந்தத் தண்ணீரிலிருந்து எரிவாயு எடுப்பதும் நல்ல வழி.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு விஷத்தை எடுத்துவிட்டு இன்னொரு விஷத்தை வைத்த கதைகள் நிறைய உண்டு. உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்க, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கரைப்பான்களுக்குப் பதிலாக என்-புரோப்பைல் புரோமைடு என்ற ஒன்றைப் பாதுகாப்பானது என்று கொண்டுவந்தார்கள். அதை முகர்ந்து வேலை செய்தவர்களுக்கு நரம்பு பாதித்துக் கால் மரத்தது. அமெரிக்க அரசு 2022-இல் அதை ஆபத்தான காற்று மாசுப் பட்டியலில் சேர்த்தது. புதுப் பொருளை வாங்கும் முன் அதைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பிசுக்கு நீக்கச் சுடுதண்ணீரும் சோப்பும் போதுமா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. பல இடங்களில் போதும்.

சரி, ஒரு சின்னப் பட்டறைக்காரர் தனியாக இதெல்லாம் செய்ய முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவருக்குத் துணை வேண்டும். அந்தத் துணை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு வழி காட்டியது. 1989-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள நச்சுப் பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பயன்படுத்தும் தொழிற்சாலை, எவ்வளவு பயன்படுத்துகிறது என்று வருஷா வருஷம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, எப்படிக் குறைக்கலாம் என்று பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு திட்டம் போட வேண்டும். திட்டம் போடுவதுதான் கட்டாயம், அதை நிறைவேற்றுவது கட்டாயமில்லை! முதலில் படிக்கும்போது இது என்ன சட்டம் என்று தோன்றும். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த முதலாளி, காசு எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்ததும் தானே மாற்றிவிடுகிறார். சந்தேகம் கேட்க ஓர் உதவி அலுவலகமும், சோதித்துப் பார்க்க லோவல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடமும் வைத்தார்கள். அந்த உதவி அலுவலகம் அபராதம் போடும் துறையிலிருந்து தனியானது, பட்டறையில் பார்த்ததை வெளியே சொல்லாது.

இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்பது பட்டறைக்குள் வளர்ந்தவர்களுக்குப் புரியும். 'ஆபீசர் வர்றார்' என்றாலே அமிலத் தொட்டியைப் பலகை போட்டு மூடுகிற இடத்தில் யார் உண்மையைச் சொல்வார்கள்? இந்தியாவில் தேசிய உற்பத்தித் திறன் குழுவுக்குள் 1995-இல் தூய்மை உற்பத்திக்கான தேசிய மையம் ஒன்று தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள், சிவதாபுரத்துக்குள், கொண்டலாம்பட்டிச் சாயத் தொட்டிகளுக்கு நடுவே வந்து கீழே உட்கார்ந்து பேசுகிற ஒருவர் வேண்டும். சேலத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் வருஷ மாணவர்கள் நாலு பேர் ஒரு மாதம் ஒரு பட்டறையில் தராசும் நோட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எவ்வளவோ நடக்கும்.

அதுவரை பட்டறை வைத்திருப்பவர் தானே தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இந்த மாதம் என்னென்ன வாங்கினேன், எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் என்று இடப்பக்கம். அதில் எவ்வளவு விற்ற சரக்கோடு வெளியே போனது என்று வலப்பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றிலும் வாய்க்காலிலும் போனது, கூடவே போன காசும் அதுதான். பெரிய வித்தியாசம் எந்த வரியில் வருகிறதோ, அங்கேதான் முதல் கேள்வி: இது இங்கே என்ன வேலை செய்கிறது?

அப்புறம், பொடி வாங்கும் கடையில் பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள். ரசாயனம் விற்பவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தருகிற தாள் அது. பொடியில் கலந்த உலோகங்களின் பெயரும், பக்கத்தில் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் எண் மாறாது. வெள்ளிக்கு 7440-22-4, செம்புக்கு 7440-50-8, துத்தநாகத்துக்கு 7440-66-6. இந்த மூன்றும் இருக்கட்டும். 7440-43-9 என்று ஒரு வரி இருந்தால் அதுதான் காட்மியம். அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளீயம் சேர்த்த பொடி இருக்கிறதா என்று கேளுங்கள்.